பழைய டீசல் வேனின் டர்போவும் மவுண்டும்: காசு மிச்சம் பிடிக்க 30 குறிப்புகள்

பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்குவது, மரக்கறி மூட்டையைத் தம்புள்ள பொருளாதார மத்திய நிலையத்துக்குக் கொண்டுபோவது, முத்துமாரியம்மன் தேருக்குச் சொந்தக்காரரை ஏற்றி வருவது என்று மாத்தளைப் பக்கத்தில் பல வீடுகளில் எல்லா வேலைக்கும் ஒரே பழைய டீசல் வேன்தான். 2020 மார்ச்சில் நின்ற வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்குத் திரும்பத் திறந்தது 2025 பெப்ரவரியில். புதிதாக வாங்குவதை நினைத்தும் பார்க்க முடியாத வீடுகளில், இருப்பதைக் காப்பாற்றுவதுதான் கெட்டித்தனம்.

பழைய வண்டியில் டர்போவும் எஞ்சின் மவுண்டும் ஒன்றையொன்று கெடுக்கும். மவுண்ட் தேய்ந்தால் எஞ்சின் ஆடும். அந்த ஆட்டம் டர்போவின் ஹோஸை இழுக்கும், புகைக்குழாயை வெடிக்க வைக்கும். அதனால் முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள், பிறகு காசை வெளியே எடுங்கள். கீழே உள்ளவற்றில் பாதி வேலையை வீட்டு வாசலிலேயே செய்துவிடலாம்.

எங்கே கோளாறு என்று பார்க்க

1. புகையின் நிறத்தைக் கவனியுங்கள். கறுப்பு என்றால் காற்று போதவில்லை; எயார் ஃபில்டர், ஹோஸ், இன்ஜெக்டர் என்ற வரிசையில் பாருங்கள். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. காலைக் குளிரில் கொஞ்ச நேரம் வரும் வெள்ளைப் புகைக்குப் பயம் வேண்டாம். வண்டி சூடான பிறகும் அது நிற்காமல், ரேடியேற்றர் தண்ணீரும் குறைந்தால் உடனே கராஜுக்குக் கொண்டுபோங்கள்.

2. நீலப் புகை வந்தவுடன் டர்போ போய்விட்டது என்று முடிவு கட்ட வேண்டாம். எஞ்சினின் பிரீதர் குழாயோ, டர்போவிலிருந்து ஒயில் திரும்பி வடியும் குழாயோ அடைபட்டால் நல்ல டர்போவும் ஒயில் கக்கும். இரண்டையும் கழற்றிச் சுத்தம் செய்து, சில நாள் ஓட்டிப் பார்த்த பிறகு டர்போவைப் பற்றி யோசிக்கலாம்.

3. ரத்தோட்டை ஏற்றத்தில் வண்டி முன்போல இழுக்கவில்லையா? டர்போ ஹோஸ்களின் கிளிப் பூட்டுகளை டோர்ச் அடித்துப் பாருங்கள். காற்றுக் கசியும் இடத்தில் ஒயில் ஆவியும் தூசியும் சேர்ந்து கறுப்பாக, ஈரமாக ஒரு கோடு இருக்கும். துணியால் துடைத்துவிட்டு ஓர் ஏற்றம் ஓடி வந்து பாருங்கள். அதே இடத்தில் திரும்பக் கோடு விழுந்தால் கோளாறு அங்கேதான், கிளிப் மாற்றும் செலவோடு வேலை முடியலாம்.

4. ஹோஸின் மேல்பக்கம் பளபளப்பாக இருப்பதைப் பார்த்து ஏமாற வேண்டாம். எஞ்சின் ஆறிய பிறகு அடிப்பக்கத்தைத் தடவி, மெல்ல மடித்துப் பாருங்கள். வெடிப்பு பெரும்பாலும் வளைவின் உள்பக்கத்தில்தான் ஒளிந்திருக்கும். ஒயில் ஊறிக் கொழகொழத்த ஹோஸும், சூட்டில் காய்ந்து மரமாகிப்போன ஹோஸும் இரண்டுமே மாற்ற வேண்டியவை.

5. நடுவழியில் ஹோஸ் வெடித்தால் பழைய சைக்கிள் டியூப் கைகொடுக்கும். டியூபை நீளமாகக் கீறி, ஹோஸைத் துடைத்துவிட்டு, இழுத்திழுத்து நெருக்கமாகச் சுற்றி இரு பக்கமும் கம்பியால் கட்டுங்கள். கராஜ் வரை மெதுவாகப் போக இது தாங்கும். காற்றுப் போகும் ஹோஸுக்கு மட்டும்தான் இந்த வழி, புகைக்குழாய்ப் பக்கம் வேண்டவே வேண்டாம்.

6. டர்போவின் அச்சை வீட்டிலேயே சோதிக்கலாம். எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு எயார் ஃபில்டர் பக்கத்து ஹோஸைக் கழற்றி, நடுவில் தெரியும் நட்டை இரண்டு விரலால் பிடியுங்கள். பக்கவாட்டில் கொஞ்சம் அசைவது இயல்பு, ஏனென்றால் அச்சு ஒயில் படலத்தில்தான் மிதக்கிறது. முன்னும் பின்னும் ஆட்டம் தெரிந்தாலோ, சிறகுகள் ஓரத்தில் உரசிய தடம் இருந்தாலோ பழுது பார்க்கும் நேரம் வந்துவிட்டது.

7. மெல்லிய விசில் டர்போவின் இயல்பான குரல். அது ஆம்புலன்ஸ் சைரன் மாதிரி ஏறி இறங்கினால் சிறகு எங்கோ உரசுகிறது. ‘புஸ்’ என்று வந்தால் காற்றுக் கசிகிறது. ‘டிக் டிக்’ என்று எஞ்சின் வேகத்தோடு கூடினால் புகைக்குழாய்ப் பக்கத்து கேஸ்கட்டைப் பாருங்கள். சத்தத்தைப் போனில் பதிவுசெய்து கொண்டுபோனால் மெக்கானிக் பாஸுக்கும் நேரம் மிச்சம்.

8. டர்போவின் பக்கத்தில் சிறு டப்பாவும் கம்பியும் இருந்தால், கம்பி துருப்பிடித்து இறுகியிருக்கிறதா பாருங்கள். ஆறிய நேரத்தில் துரு இளக்கும் ஸ்பிரே அடித்து விட்டால் பல நேரம் இளகிவிடும். டயர் கடைக் காற்றை அந்த டப்பாவுக்குள் பிடிக்க வேண்டாம், உள்ளே இருக்கும் சவ்வு கிழிந்துவிடும். இழுவை கூடட்டும் என்று அதன் திருகைத் திருப்புவதும் கூடாது. பழைய எஞ்சினின் ஹெட் கேஸ்கட் அந்த அழுத்தத்தைத் தாங்காது.

9. இன்டர்கூலர் ஹோஸுக்குள் மெல்லிய ஒயில் பூச்சு இருந்தால் சரி. ஒயில் தேங்கி நின்றால் வண்டியை ஓட்ட வேண்டாம். அந்த ஒயிலையே குடித்து எஞ்சின் தானாக வேகமெடுக்கும், சாவியை எடுத்தாலும் நிற்காது. அப்படி ஆனால் மேல் கியரில் போட்டு, பிரேக்கை இறுக மிதித்துக்கொண்டு கிளச்சை விட்டு நிறுத்துங்கள். ஓட்டோ கியர் என்றால் காற்று உறிஞ்சும் வாயைத் தட்டையான பலகையால் அடையுங்கள். கையை வைக்கவே கூடாது. கிட்ட நெருங்க முடியாவிட்டால் எல்லோரும் விலகி நில்லுங்கள்.

டர்போவைக் கழற்றும்போதும் மாட்டும்போதும்

10. கடைக்குப் போகுமுன் டர்போவின் மேல் ஆணியடித்த சிறு தகட்டைத் துடைத்து, அதிலுள்ள இலக்கத்தைப் படம் எடுங்கள். ஒரே எஞ்சினுக்கு இரண்டு மூன்று வகை டர்போ வந்திருக்கும். ‘4டி56 டர்போ’ என்று மட்டும் சொல்லிக் கொழும்புக்குப் போய்விட்டுத் திரும்பவும் அலையும் பஸ் காசு மிச்சம்.

11. புகைக்குழாய்ப் பக்கத்து நட்டுகளுக்கு முதல் நாள் மாலையே துரு இளக்கும் ஸ்பிரே அடித்து, இரவு முழுக்க ஊற விடுங்கள். காலையில் திரும்ப ஒருமுறை அடித்துவிட்டு முன்னும் பின்னுமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்புங்கள். ஒரு போல்ட் உள்ளே முறிந்தால் அதை லேத்தில் எடுக்க ஆகும் செலவும் நாளும் உங்களுக்கே தெரியும்.

12. கழற்றுமுன் நாலு பக்கமும் போனில் படம் எடுத்து, டர்போவின் மூன்று பாகங்களுக்கும் குறுக்காக மார்க்கரால் ஒரு கோடு போடுங்கள். திரும்பப் பூட்டும்போது கோடுகள் சேர்ந்தால் குழாய்களும் தானாகச் சேரும். கழற்றிய நட்டுகளை முட்டை அட்டையின் குழிகளில் வரிசையாகப் போட்டு வைத்தால் எது எங்கே என்ற தேடலே இல்லை.

13. வெளி ஓடுகள் நன்றாக இருந்தால் முழு டர்போவும் வாங்கத் தேவையில்லை. நடுப்பாகமான கார்ட்ரிட்ஜை மட்டும் மாற்றலாம். பழையதைப் பழுது பார்ப்பதானால் மெஷினில் பேலன்ஸ் பார்த்துத் தருவார்களா என்று முதலில் கேளுங்கள். நிமிடத்துக்கு ஒரு இலட்சம் தடவைக்கு மேல் சுற்றும் சாமானுக்குக் கண்ணளவு போதாது.

14. பஞ்சிகாவத்தையில் பழைய ஜப்பான் டர்போ வாங்குவதானால் கையோடு ஒரு டோர்ச் கொண்டுபோங்கள். இரு பக்கத்துச் சிறகுகளிலும் நெளிவோ முறிவோ இருக்கக் கூடாது, விரலால் சுழற்றினால் சத்தமில்லாமல் சுழல வேண்டும், ஒயில் ஓட்டையில் கரி அடைத்திருக்கக் கூடாது. ‘பூட்டிப் பார்த்துச் சரிவராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்’ என்பதை பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.

15. டர்போ மாற்றுவோர் தவறவிடுவது ஒயில் வரும் மெல்லிய குழாயை. சூட்டில் ஒயில் கரியாகி, உள்ளே பாதி ஓட்டை அடைந்திருக்கும். அதே குழாயைப் பூட்டினால் புது டர்போவும் ஒயில் இல்லாமல் சீக்கிரமே போய்விடும். ஊதிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம், முடிந்தால் புதுக் குழாயே போடுங்கள்.

16. டர்போவின் ஒயில் வழிகளில் சிலிக்கன் பசை தடவவே வேண்டாம். பிதுங்கிய பசைத் துண்டு ஒன்று உள்ளே போனால் ஒயில் வழியே அடைந்துவிடும். அளவான கேஸ்கட் விலை குறைவுதான், அதை வாங்கிப் போடுங்கள்.

17. அவசரத்துக்குப் புதுச் செம்பு வோஷர் கிடைக்கவில்லையா? பழையதைக் கம்பியில் கோத்து அடுப்பு நெருப்பில் சிவக்கக் காய்ச்சி, தண்ணீரில் போட்டால் திரும்ப மெதுவாகிவிடும். நுண்ணிய மண் தாளால் இரு முகத்தையும் தேய்த்துப் பூட்டுங்கள். கடை திறந்ததும் புதியதை மாற்றிவிடலாம்.

18. பழைய டர்போவின் சிறகு முறிந்திருந்தால் துண்டுகள் எங்கே என்று தேடுங்கள். இன்டர்கூலர் உள்ள வண்டி என்றால் அதைக் கழற்றி, சவர்க்காரத் தூள் கரைத்த சுடுதண்ணீரில் பலமுறை அலசி, வெயிலில் முழுதாகக் காய வையுங்கள். உள்ளே தங்கிய ஒரு துண்டு எஞ்சினுக்குள் போனால் மிச்சம் பிடித்ததெல்லாம் ஒரே நாளில் போய்விடும்.

19. புதிதாகப் பூட்டிய டர்போவை உலர்ந்தபடி ஸ்டார்ட் பண்ண வேண்டாம். ஒயில் ஓட்டையில் சுத்தமான ஒயிலை ஊற்றி, விரலால் சிறகைச் சுழற்றி விடுங்கள். பிறகு டீசல் பம்பின் சொலனாய்ட் வயரைக் கழற்றிவிட்டு, ஒயில் விளக்கு அணையும் வரை விட்டுவிட்டு செல்ஃப் அடியுங்கள். அதன் பின் வயரைப் பூட்டி ஸ்டார்ட் செய்து, சில நிமிடம் எக்சிலரேட்டரைத் தொடாமல் விடுங்கள். எஞ்சின் ஒயிலும் ஃபில்டரும் அதே நாளில் புதிதாக இருக்கட்டும்.

மவுண்டைப் பார்க்கவும் மாற்றவும்

20. ஸ்டார்ட் பண்ணும்போதும் நிறுத்தும்போதும் ‘டொக்’ என்ற இடி, சும்மா நிற்கும்போது கியர் தடியின் நடுக்கம், முதல் கியரில் கிளச்சை விடும்போது ஒரு துள்ளல்: இவை மவுண்ட் தேய்ந்ததன் அறிகுறிகள். அடிக்கடி சைலன்சர் குழாய் வெடித்து வெல்டிங்குக்குப் போகிறீர்களா? அதற்கும் காரணம் பெரும்பாலும் மவுண்ட்தான்.

21. மவுண்டைச் சோதிக்க இருவர் வேண்டும். ஒருவர் ஹேண்ட் பிரேக்கும் கால் பிரேக்கும் பிடித்துக்கொண்டு முதல் கியரில் கிளச்சைக் கொஞ்சமாக விடட்டும். மற்றவர் பக்கவாட்டில் நின்று எஞ்சின் எவ்வளவு எழும்புகிறது என்று பார்க்கட்டும். பிறகு ரிவர்ஸிலும் பாருங்கள். ஓர் அங்குலத்துக்கு மேல் எழும்பினால் அந்தப் பக்கத்து மவுண்ட் போய்விட்டது. வண்டிக்கு முன்னால் நிற்க வேண்டாம், சாறித் தலைப்பும் சால்வையும் ஃபேன் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

22. எஞ்சினை நிறுத்திவிட்டு மவுண்ட் ரப்பரை நகத்தால் கீறிப் பாருங்கள். இரும்பும் ரப்பரும் ஒட்டும் ஓரத்தில் நகம் உள்ளே போனால் ஒட்டு விட்டுவிட்டது. மேலோட்டமான மயிர்க் கீறல் மட்டும் என்றால் இன்னும் கொஞ்ச நாள் ஓடும், காசு சேர்க்க அவகாசம் இருக்கிறது.

23. ஒயில் பட்ட ரப்பர் ஊறிப்போன அப்பளம் மாதிரித் தொய்ந்துவிடும். அதனால் புது மவுண்ட் போடுமுன் மேலே இருந்து சொட்டும் ஒயில் கசிவை நிறுத்துங்கள். எஞ்சினை டீசலாலும் மண்ணெண்ணெயாலும் கழுவும் பழக்கமும் ரப்பருக்கு எமன். சவர்க்காரத் தண்ணீரும் பழைய பல் பிரஷும் போதும்.

24. எஞ்சின் மவுண்ட் இரண்டையும் கியர் பொக்ஸ் மவுண்டையும் ஒரே தடவையில் மாற்றுங்கள். ஒன்றை மட்டும் மாற்றினால் பழையதின் சுமையும் புதியதின் மேல் விழும். டர்போ வேலைக்குக் குழாய்களைக் கழற்றும் அதே நாளில் இதையும் சேர்த்துச் செய்தால் கூலியும் ஒரு தடவைதான்.

25. டர்போ பழையது வாங்கலாம், மவுண்ட் மட்டும் புதிதாக வாங்குங்கள். ரப்பர் ஓடாமல் கிடந்தாலும் வயதாகும். கழற்றி வந்த மவுண்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் சீக்கிரம் வெடிக்கும். டயர் துண்டை வெட்டிச் செருகுவதும் ரப்பருக்குப் பதில் இரும்பை வைத்து வெல்டிங் அடிப்பதும் வேண்டாம், அந்த அதிர்வெல்லாம் சேசிக்கும் டர்போ குழாய்களுக்கும் போகும்.

26. எஞ்சினைத் தூக்கும்போது ஜெக்குக்கும் சம்புக்கும் நடுவே தடித்த பலகை வையுங்கள், இல்லாவிட்டால் சம்ப் நெளியும். வண்டி சமதரையில் நிற்கட்டும், சக்கரங்களுக்குக் கல் வையுங்கள், ஜெக்கை மட்டும் நம்பி யாரும் கீழே போக வேண்டாம். எல்லா போல்ட்டையும் தளர்வாகப் போட்டு, எஞ்சின் அதன் இடத்தில் அமர்ந்த பிறகு இறுக்குங்கள். 500 கிலோமீற்றர் ஓடியதும் இன்னொரு தரம் இறுக்கிப் பாருங்கள்.

27. சைலன்சரைத் தொங்கவிடும் சிறு ரப்பர் வளையங்களையும் எண்ணிப் பாருங்கள். ஒன்று அறுந்தாலும் குழாயின் பாரம் டர்போவின் மேல் தொங்கும். மலிவான இந்த வளையங்களைக் கையோடு இரண்டு வாங்கி டூல் பெட்டியில் போட்டு வையுங்கள்.

நாளாந்தப் பழக்கம்

28. ரிவர்ஸ்டன் வரை ஏறிப்போய் நின்றதும் சாவியைத் திருப்பி நிறுத்திவிட வேண்டாம். ஒன்றிரண்டு நிமிடம் சும்மா ஓட விட்டால் டர்போவுக்குள் ஒயில் ஓடிச் சூட்டை எடுத்துவிடும். உடனே நிறுத்தினால் தங்கிய ஒயில் கரியாகும். காலையிலும் ஸ்டார்ட் பண்ணியவுடன் உறும விடாமல் அரை நிமிடம் பொறுங்கள். சூடான டர்போவில் தண்ணீர் அடிப்பதும் கூடாது, இரும்பு வெடிக்கும்.

29. கலேவெல, தம்புள்ளப் பக்கம் வெயில் காலத்தில் ஓடும் வண்டிக்கு எயார் ஃபில்டர்தான் டர்போவின் காவல். உள்ளிருந்து வெளியே மெதுவாகக் காற்றடித்துத் தூசியை எடுங்கள், கடதாசி ஃபில்டரைக் கழுவ வேண்டாம். ஃபில்டரைத் தாண்டிய பக்கத்துக் குழாய்க்குள் விரலை விட்டுப் பாருங்கள். விரலில் தூசி ஒட்டினால் ஃபில்டர் கிழிந்திருக்கிறது அல்லது மூடி சரியாக உட்காரவில்லை. வருமான அனுமதிப்பத்திரத்துக்கான புகைப் பரிசோதனைக்கு முன் ஃபில்டரைப் பார்த்து, வண்டியை இருபது நிமிடமாவது ஓட்டிச் சூடாக்கிக்கொண்டு போனால் திரும்ப வரும் அலைச்சலும் குறையும். அங்கே எக்சிலரேட்டரை முழுதாக மிதிப்பார்கள், ஆகவே ஒயில் அளவையும் டைமிங் பெல்ட்டையும் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

30. டேஷ்போர்டில் ஒரு பழைய பள்ளிக்கூடக் கொப்பி வைத்து, ஒயில் மாற்றிய திகதி, கிலோமீற்றர், இடையில் ஊற்றிய ஒயில் எல்லாம் எழுதுங்கள். பழைய டர்போ வண்டிக்கு 5000 கிலோமீற்றருக்கு ஒருமுறை ஒயில் மாற்றுவது நல்ல கணக்கு. டீசல் எஞ்சினுக்கான ஒயிலாகவே வாங்குங்கள். கழித்த ஒயிலைச் சுது கங்கைப் பக்கமோ கானிலோ ஊற்றாமல் டப்பாவில் சேர்த்துக் கராஜில் கொடுத்துவிடுங்கள். கையில் ஒட்டிய கிறீசுக்குத் தேங்காய் எண்ணெயில் ஒரு கரண்டி சீனி போட்டுத் தேய்த்தால் நகக்கண் வரை சுத்தமாகும்.

எல்லாவற்றையும் ஒரே மாதத்தில் செய்யக் காசு வேண்டுமே என்று மலைக்க வேண்டாம். முதலில் ஒயிலும் ஃபில்டரும், அடுத்து ஹோஸும் கிளிப்பும், பிறகு மவுண்ட், கடைசியாகத்தான் டர்போ என்ற வரிசையில் போங்கள். முதல் மூன்றையும் செய்து முடித்த பல வண்டிகளுக்கு நான்காவது தேவைப்படாமலே போகும். 2022 ஜூனில் ஓட்டோ டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனதைப் பார்த்தவர்கள் நாம். காற்றுக் கசியாத டர்போ ஒவ்வொரு ஏற்றத்திலும் டீசலையும் மிச்சப்படுத்தித் தரும். இந்த ஞாயிற்றுக்கிழமை போனட்டைத் திறந்து மூன்றாவது குறிப்பிலிருந்து தொடங்குங்கள், பக்கத்து வீட்டுக்காரருக்கும் சொல்லுங்கள்.